லெஃப்காராவில் ஓர் இரவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற மாத இதழில் சைப்ரஸ் தீவைப் பற்றி எழுதியபோது, கைத்தையல் லேஸுக்குப் பெயர்போன லெஃப்காரா என்ற மலைக் கிராமத்துக்கு ஒரே ஒரு பத்தியைத்தான் ஒதுக்க முடிந்தது. கடற்கரைகளைப் பற்றியும் பழைய துறைமுகங்களைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தும், வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை அந்த ஒரு பத்தியைப் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் அந்த ஊருக்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: மகளைப் பார்க்க சைப்ரஸின் லார்னக்கா நகருக்குச் செல்கிறோம். அங்கிருந்து லெஃப்காராவுக்குப் போய்வர அரை நாள் போதுமா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: தூரத்தை மட்டும் கணக்கிட்டால் போதும். லார்னக்காவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான். நெடுஞ்சாலையை விட்டு ஸ்காரினு என்ற ஊருக்கு அருகே திரும்பி மலையேறினால், முக்கால் மணி நேரத்தில் ஊருக்குள் இருப்பீர்கள். ஆனால் சுற்றுலாப் பேருந்துகள் முற்பகலில் வந்து பிற்பகலில் இறங்கிவிடும் ஊர் அது. அந்த நேரத்தில் நீங்களும் போனால், கடைவாசலில் நின்று வரவேற்பவர்களையும் மேசை விரிப்புகளையும் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள். ஓர் இரவு தங்குங்கள் என்பதே என் யோசனை. பழைய கல் வீடுகள் சிலவற்றை விருந்தினர் தங்கும் விடுதிகளாக மாற்றியிருக்கிறார்கள்.

பேருந்துகள் போன பிறகு, வெயில் தாழ்ந்த நேரத்தில், சந்துகளில் நாற்காலிகள் வெளியே வரும். நான் பார்த்த ஒரு மூதாட்டி, தெருவுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எதிரே இன்னொரு சிறிய நாற்காலி. அதன் குறுக்குக் கட்டையில் கால்களை வைத்து, உயர்ந்த முழங்கால்களின் மேல் ஒரு திண்டு, திண்டின் மேல் துணி. முதுகைக் காட்டுவதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு நான் ஒதுங்கப் பார்த்தேன். தோளுக்கு மேலாக வெளிச்சம் துணியில் விழ வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி உட்கார்ந்திருக்கிறார் என்பது சற்று நின்று பார்த்த பிறகே புரிந்தது. பக்கத்து வீட்டுப் பெண்மணியுடன் பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது, ஊசியும் நிற்கவில்லை. இந்தக் காட்சிக்கு அரை நாள் பயணத்தில் இடமில்லை.

ஊரைப் பற்றியும் சிறிது சொல்லிவிடுகிறேன். ட்ரூடோஸ் மலைத்தொடரின் தெற்குச் சரிவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிரேக்கத்தில் ‘லெஃப்கோஸ்’ என்றால் வெள்ளை, ‘ஓரோஸ்’ என்றால் மலை. சுற்றிலும் வெளிறிய சுண்ணாம்புக் குன்றுகள் இருப்பதால் வந்த பெயர் என்று விளக்குகிறார்கள். நம்மூரில் மேலூர், கீழூர் என்பதைப் போல, பானோ லெஃப்காரா, காட்டோ லெஃப்காரா என்று இரண்டு ஊர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. கடைகளும் அருங்காட்சியகமும் மேலூரில். அங்கே இன்று நிலையாக வசிப்பவர்கள் ஆயிரத்துக்கும் குறைவுதான். அவ்வளவு சிறிய மலையூரில் மாடி வைத்து, மர உப்பரிகை இழைத்து, தூண்களும் வளைவுகளுமாக இத்தனை பெரிய வீடுகள் எப்படி வந்தன என்று தோன்றும். பெண்கள் பூத்தையல் போட, ஆண்கள் அதைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு ஐரோப்பிய நகரங்களில் வீடு வீடாக ஏறி விற்றார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வியாபாரம் உச்சத்தில் இருந்தது. அந்த வியாபாரிகளை ‘கென்டிதாரிதெஸ்’ என்றும், தைக்கும் பெண்களை ‘ப்ளுமாரிசெஸ்’ என்றும் அழைப்பார்கள். நீங்கள் அண்ணாந்து பார்க்கும் வீடுகளில் பல, இந்த ஊசிப் பணத்தில் எழும்பியவை.

கேள்வி: லியொனார்டோ டா வின்சி இந்த ஊருக்கு வந்து லேஸ் வாங்கினார் என்று எழுதியிருந்தீர்கள். உண்மையா? (வாசகர், சென்னை)

பதில்: ‘வாங்கினார் என்று சொல்கிறார்கள்’ என்றுதான் எழுதியிருந்தேன், அந்த ‘சொல்கிறார்கள்’ முக்கியம். 1481-இல் அவர் லெஃப்காராவுக்கு வந்தார், மிலான் பேராலயத்தின் பலிபீடத்துக்கு ஒரு விரிப்பை வாங்கிச் சென்றார் என்பது ஊரார் கதை. லெஃப்காராவில் யாரைக் கேட்டாலும் நேற்று நடந்ததைப் போலச் சொல்வார்கள்.

ஆவணங்களைப் பார்த்தால் அந்த ஆண்டில் அவர் ஃபிளாரன்ஸில் இருக்கிறார். அந்நகருக்கு வெளியே இருந்த ஒரு மடத்துக்காக, குழந்தை இயேசுவை ஞானிகள் வணங்கும் ஓவியத்தை வரைய 1481 மார்ச்சில் ஒப்புக்கொண்டு, அதை முடிக்காமலேயே விட்டுவிட்டு மிலானுக்குப் போனார். அவருடைய குறிப்பேடுகளில் சைப்ரஸைப் பற்றி அழகான ஒரு பகுதி உண்டு. ஆனால் அது எதிர்க்கரையான சிலிசியாவிலிருந்து (இன்றைய துருக்கியின் தென்கரை) தெற்கே தெரியும் தீவாக அதை வருணிக்கிறது. கேட்டு எழுதியதாகவும் இருக்கலாம், கற்பனையாகவும் இருக்கலாம். தீவில் அவர் கால் வைத்தார் என்பதற்குச் சான்று இல்லை.

ஆனாலும் கதையை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அன்றைய சைப்ரஸின் அரசி கத்தரினா கொர்னாரோ வெனிஸ் நகரத்துப் பெண். 1489-இல் அவரை அரியணையிலிருந்து இறக்கிவிட்டு வெனிஸ் குடியரசே தீவை எடுத்துக்கொண்டது. 1571-இல் ஒட்டோமானியர் கைப்பற்றும் வரை வைத்திருந்தது. வெனிஸிலிருந்து வந்து குடியேறிய பிரபுக் குடும்பத்துப் பெண்களின் தையலும், தீவில் அதற்கு முன்பே இருந்த ‘அஸ்ப்ரோப்ளுமியா’ என்ற வெள்ளைப் பூத்தையலும் கலந்துதான் இன்றைய லெஃப்காரா லேஸ் உருவாயிற்று. இத்தாலியத் தொடர்பு உண்மை. அந்தத் தொடர்புக்கு ஒரு முகம் வேண்டும் என்று ஊர் நினைத்தபோது, மிகப் பெரிய முகத்தையே எடுத்து ஒட்டிக்கொண்டது என்று கருதுகிறேன். லேஸின் ஓரங்களில் முக்கோணம் முக்கோணமாக ஓடும் ஒரு வேலைப்பாட்டுக்கு ‘பொட்டமோஸ்’, அதாவது ஆறு, என்று பெயர். இப்போது கடைகளில் அதை ‘டா வின்சி’ என்றே விற்கிறார்கள். மிலான் பேராலயத்தின் 600-ஆம் ஆண்டை ஒட்டி 1986-இல் லெஃப்காராவிலிருந்து புதிதாக ஒரு விரிப்பைத் தைத்து அந்தக் கோயிலுக்குக் கொடுத்தார்கள். ஐந்து நூற்றாண்டுக்கு முன் நடந்ததாகச் சொன்ன கதையை இவர்களே நடத்திக் காட்டிவிட்டார்கள்!

கேள்வி: எங்கள் பக்கத்திலும் பெண்கள் லேஸ் பின்னுகிறார்கள். அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: நல்ல கேள்வி, உங்கள் ஊரிலிருந்துதான் இது வர முடியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மிஷன் பாதிரிமார்களின் மனைவியர் நாகர்கோவிலில் கற்றுக்கொடுத்தது, திண்டில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் லேஸ். அங்கே துணி என்பதே கிடையாது. நூல் மட்டுமே வெறும் வெளியில் பின்னலாகிறது. லெஃப்காராவில் எதிர்வழி. முதலில் துணி இருக்கிறது. அதைக் குறைத்துக் குறைத்து லேஸ் ஆக்குகிறார்கள்.

லினன் துணியை எடுத்துக்கொண்டு, வரைபடம் எதுவும் இல்லாமல், பாவு இழைகளையும் ஊடை இழைகளையும் கண்ணாலேயே எண்ணுவார்கள். எண்ணிய இழைகளை வெட்டி உருவினால் துணியில் சன்னல்கள் திறக்கும். பிரிந்துவிடாமல் அந்தச் சன்னல்களின் விளிம்பை இறுக்கிக் கட்டியபின், உள்ளே ஊசியால் வலைபோல நெய்து நிரப்புவார்கள். மிச்சமுள்ள துணியின் மேல் நெருக்கமான நிரப்புத் தையல் வரும். கடைசியாக ஓரத்துக்கு ஊசிப் பின்னல். ஓரிழையை எண்ணத் தவறினால் எதிர்மூலையில் கட்டம் பொருந்தாது. அப்போது பிரிக்கவும் முடியாது, ஏனென்றால் உருவிய இழையைத் திரும்ப வைக்க வழியில்லை. இதனால்தான் பூ, கிளி, கொடி எதுவும் இல்லாமல் எல்லாமே சதுரமும் முக்கோணமும் சாய்சதுரமுமாக இருக்கின்றன. வெள்ளை, பழுப்பு, பால்வெள்ளை தவிர வேறு நிறமும் பெரும்பாலும் கிடையாது. முன்பு உள்ளூர்ப் பருத்தித் துணியில் செய்தார்கள். பின்னர் அயர்லாந்து லினனுக்கு மாறினார்கள்.

இந்தக் கலையை 2009-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் சேர்ந்ததால் இளம்பெண்கள் ஊசியை எடுத்துவிடவில்லை. நான் பார்த்தவரை, தைத்துக்கொண்டிருந்த கைகள் எல்லாம் மூத்த கைகளே.

கேள்வி: கடைகளில் அசல் எது, போலி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகி, திருச்சி)

பதில்: இயந்திரத்தில் செய்து வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான துணிகளும் அதே தெருவில் தொங்குகின்றன, இது ஊராரே வருத்தத்துடன் ஒப்புக்கொள்ளும் செய்தி. முதலில் துணியைத் திருப்பிப் பாருங்கள். நல்ல கைவேலையில் முன்பக்கமும் பின்பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். முடிச்சுகளும் தொங்கும் நூலும் தெரியாது. இயந்திர வேலை பின்பக்கத்தில் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, திறந்த கட்டங்களின் விளிம்பு துணியின் இழைகளோடு நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். இழையை எண்ணி வெட்டியிருந்தால் நேராகத்தான் ஓடும்.

மூன்றாவது சோதனை கேள்விதான்: ‘இதைத் தைத்தவர் யார், எத்தனை நாள் ஆயிற்று?’ என்று கேளுங்கள். அசலை விற்பவர் பெயரையும் வீட்டையும் சொல்வார். சில சமயம் தைத்தவரே உள்ளேயிருந்து கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு எழுந்து வருவார். ஒரு பெரிய மேசை விரிப்புக்கு மாதக்கணக்கில் உழைப்பு போகிறது. அது மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். பேரம் பேசுவதில் நான் பின்வாங்குபவன் அல்லன். ஆனாலும் கைவேலை என்று உறுதியான ஒன்றின் முன் எனக்கு வாய் வரவில்லை. கையடக்கமான சிறு விரிப்பு ஒன்றோடு திரும்பினேன்.

துணியில் மனம் செல்லாதவர்கள் வெள்ளிக் கடைகளைப் பார்க்கலாம். மெல்லிய வெள்ளிக் கம்பியை முறுக்கிச் செய்யும் வேலைக்கும் இவ்வூர் பெயர் பெற்றது. அங்கே ‘மெரெஹா’ என்ற கழுத்து நீண்ட பாத்திரத்தைப் பார்த்தவுடன் சிரித்துவிட்டேன். நம் கல்யாண வீட்டு வாசலில் வைக்கும் பன்னீர்ச் செம்பேதான், வேலையும் அதேதான். அதோடு இணையாக வைப்பது ‘கப்னிஸ்டிரி’ என்ற தூபக்கால். அதில் காய்ந்த ஆலிவ் இலைகளை எரித்து, புகையை ஆளைச் சுற்றிக் காட்டிக் கண்ணேறு கழிப்பார்கள்.

கேள்வி: நாங்கள் சைவ உணவுக்காரர்கள். மலைக் கிராமத்தில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? (வாசகர், கும்பகோணம்)

பதில்: ஊரின் பெயர்பெற்ற உணவு ‘தவாஸ்’: ஆட்டிறைச்சி, அரிசி, தக்காளி, வெங்காயம் ஆகியவற்றைச் சீரகம் தூக்கலாகப் போட்டு, மண்சட்டியில் அடைத்து அடுப்பில் நெடுநேரம் வேகவைப்பது. அது உங்களுக்கு ஆகாது. சீரக வாசனை மட்டும் தெருவில் வந்து உங்களைத் தொந்தரவு செய்யும். ஆனால் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ‘லூவி’ என்று கேளுங்கள்; நம் தட்டைப்பயறுதான். கீரையோடு வேகவைத்து ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் விட்டுத் தருவார்கள். கோதுமை ரவையைச் சேமியாவுடன் வேகவைத்த ‘பூர்கூரி’ கிட்டத்தட்ட நம் உப்புமாவின் உறவு. சேப்பங்கிழங்கும் அந்தத் தீவில் உண்டு, ‘கொலோக்காசி’ என்று பெயர். ஆனால் பெரும்பாலும் பன்றி இறைச்சியோடு சமைப்பதால் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஹலூமி என்ற பாலாடைக்கட்டியைச் சுட்டுத் தருவார்கள். அதை உறைய வைப்பதில் விலங்கிலிருந்து எடுத்த பொருள் சேர்ந்திருக்கலாம் என்பதைக் கடும் சைவர்கள் கவனிக்க வேண்டும்.

ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டு போங்கள்: ‘நிஸ்டிசிமோ’. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் நோன்புச் சாப்பாடு அது. இறைச்சி, முட்டை, பால் எதுவும் இராது. ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலத்தில் பல உணவகங்களில் கிடைக்கும். இதிலும் ஒரு கண்ணி உண்டு. இரத்தமில்லாத கடலுயிர்களுக்கு நோன்பில் தடையில்லை என்பதால், அந்தத் தட்டில் கணவாய் வந்து சேரக்கூடும்.

காபி மட்டும் கவலையே வேண்டாம். நீண்ட கைப்பிடி வைத்த சிறு பாத்திரத்தில் தூளையும் தண்ணீரையும் ஒன்றாகக் காய்ச்சி, நுரையோடு சின்னக் கோப்பையில் ஊற்றி, பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீர் வைப்பார்கள். சர்க்கரையைக் காய்ச்சும்போதே போடுவதால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்: ‘ஸ்கெட்டோ’ என்றால் சர்க்கரை இல்லாமல், ‘மெட்ரியோ’ என்றால் அளவாக, ‘கிலிக்கோ’ என்றால் தித்திப்பாக. வடிகட்டமாட்டார்கள், அடியில் சேறுபோல நிற்கும் தூளைக் குடிக்காதீர்கள். பால் கிடையாது. கும்பகோணத்துக்காரரிடம் இதைச் சொல்வது கொஞ்சம் கொடுமைதான்.

கேள்வி: முழங்கால் வலியுள்ள அம்மாவை அழைத்துச் செல்ல முடியுமா? எப்போது, எப்படிப் போவது நல்லது? (வாசகர், மதுரை)

பதில்: அழைத்துச் செல்லுங்கள், ஆனால் ஊரை முழுவதும் நடந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு. கல் பாவிய தெருக்கள், நல்ல ஏற்ற இறக்கம், மழை பெய்தால் வழுக்கும். மேல்தெருவில் காபிக் கடை அருகே அம்மாவை உட்கார வைத்துவிட்டு நீங்கள் சுற்றி வரலாம். உட்கார்ந்து பார்க்கும் ஊர் என்பதால் அவர்களுக்கு இழப்பில்லை. பட்சலோஸ் குடும்பத்தின் பழைய வீட்டில் இருக்கும் பூத்தையல், வெள்ளிவேலை அருங்காட்சியகம் இரண்டு தளங்கள் கொண்டது; கீழ்த்தளத்தையாவது காட்டுங்கள்.

மார்ச் முதல் மே வரையும், அக்டோபர், நவம்பரும் நல்ல காலம். கோடையின் நடுவில் போகாதீர்கள். வெயில் ஒருபுறம், காட்டுத்தீ இன்னொரு புறம். 2021 ஜூலையில் இதே மலைச்சரிவில், அரக்கபாஸ் ஊரருகே தொடங்கிய தீ பல கிராமங்களைச் சுற்றி எரித்து, எகிப்திலிருந்து வந்த பண்ணைத் தொழிலாளர்கள் நால்வரின் உயிரைக் குடித்தது.

சைப்ரஸில் ரயில் இல்லை. இருந்த அரசு ரயில் பாதையை 1951-இல் மூடிவிட்டார்கள். மலைக்குப் பேருந்து உண்டு, ஆனால் எண்ணிக்கை குறைவு. அம்மாவோடு போகும்போது வாடகைக் காரே நல்லது. பிரிட்டிஷ் ஆட்சியின் மிச்சமாக, நம்மைப் போலவே இடதுபுறம் ஓட்டுகிறார்கள். வாடகைக் காருக்குச் சிவப்பு எண்பலகை. அதைப் பார்த்தவுடன் வெளியூர்க்காரர் என்று மற்றவர்கள் சற்று விலகிப் போவார்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். மின்செருகியும் பிரிட்டிஷ் முறைதான், மூன்று செவ்வகக் கால். நம் உருண்டைக் கால் நுழையாது.

கேள்வி: விசா? (வாசகர், சேலம்)

பதில்: சைப்ரஸ் 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, 2008 முதல் யூரோ நாணயம். ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வரும் ஷெங்கன் பகுதியில் சேரும் முயற்சியில் இருப்பதால் விசா விதிகள் மாறக்கூடும். பயணச்சீட்டு எடுக்குமுன் புதுதில்லியில் உள்ள சைப்ரஸ் தூதரகத்தின் அன்றைய அறிவிப்பைப் பாருங்கள்.

கேள்வி: லேஸைத் தவிர அங்கே பார்க்க வரலாறு ஏதும் உண்டா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: உண்டு, மறைந்து நிற்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தீவை ஆண்ட இலத்தீன் (கத்தோலிக்க) கிறிஸ்தவர்கள், ஆர்த்தடாக்ஸ் ஆயர்களை நகரங்களை விட்டு வெளியேற்றி உட்கிராமங்களுக்கு அனுப்பினார்கள். அப்படி ஓர் ஆயருக்கு ஒதுக்கிய இடம் லெஃப்காரா. ஒதுக்கிவைக்கத் தேர்ந்த ஊரே ஒரு சமயத் தலைமையிடமாகிவிட்டது. மேலூரில் திருச்சிலுவைக் கோயிலும் அதன் பொன்பூசிய மரத் திரையும் காண வேண்டியவை. செப்டம்பர் 14 அதன் திருநாள். கீழூரில் தூதர் மிக்கேல் கோயிலின் பழைய சுவரோவியங்களைப் பார்க்காமல் வராதீர்கள். மேலூரிலிருந்து அதிக தூரமில்லை; சுற்றுலாக் கூட்டம் அங்கே வருவதேயில்லை.

சிறிய மசூதி ஒன்றும் இருக்கிறது. துருக்கிய சைப்ரஸ் மக்களும் இவ்வூரில் வாழ்ந்தவர்கள். 1974-இல் தீவு இரண்டாகப் பிளந்த பின் அவர்கள் வடக்கே போய்விட்டார்கள், கட்டடம் நிற்கிறது.

திரும்பும் வழியில் ஹிரோகிதியாவில் இறங்குங்கள். ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய புதிய கற்கால ஊர். வட்ட வட்டமான கல் வீடுகளின் அடித்தளம் மலைச்சரிவில் அப்படியே இருக்கிறது. இறந்தவர்களை அவரவர் வீட்டுத் தரையிலேயே புதைத்து அதன்மேல் வாழ்ந்தவர்கள். லார்னக்காவுக்குள் நுழைந்ததும் தெருப் பலகைகளையும் கவனியுங்கள். அங்குள்ள ஒரு பெருஞ்சாலைக்கு இந்திய ராணுவத்தின் முன்னாள் தலைமைத் தளபதியான நம் ஜெனரல் திம்மையாவின் பெயர். சைப்ரஸில் ஐ.நா. அமைதிப்படையின் தளபதியாக இருந்தபோது, 1965 டிசம்பரில், அந்தத் தீவில்தான் அவர் காலமானார்.

கேள்வி: அங்கிருந்து உறவினர் ஒருவர் லெஃப்காரா விரிப்பு கொண்டுவந்து கொடுத்தார். எப்படித் துவைப்பது? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பு கரைத்து, விரிப்பை அதில் ஊறவைத்து, கையால் அமுக்கி எடுங்கள். பிழியக் கூடாது; துவைகல்லில் அடிக்கவே கூடாது. வெளுப்புப் பொடி வேண்டாம். தடித்த துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றிவிட்டு, ஈரம் முழுவதும் போகுமுன், பின்பக்கத்திலிருந்து, அடியில் துண்டு விரித்து இஸ்திரி போடுங்கள். இஸ்திரிப்பெட்டியின் முனை கட்டங்களுக்குள் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் வாங்கிவந்ததைத் தெருமுனைச் சலவைக் கடையில் கொடுத்தேன். நல்ல எண்ணத்தில் கஞ்சி போட்டு மடித்தே கொடுத்தார்கள். மடிப்பில் நான்கு இழைகள் ஒடிந்துவிட்டன. இப்போது அந்த மூலையின் மேல் பூச்சாடியை வைத்திருக்கிறேன்.